அக்கினி மூலையில் ஒரு சூடான கை

1. அந்த போன்

"பாய், உங்க மெஷின்கிட்ட ஆளு நிக்குதுங்க" என்று போன் வந்தது.

சர்வீஸ் வேலையில் நான் கேட்காத புகார் கிடையாது. மேக்னட்ரான் போய்விட்டது என்பார்கள், பெல்ட் ஒரு பக்கமாக ஓடுகிறது என்பார்கள், எலி ஒயரைக் கடித்துவிட்டது என்பார்கள். ஆள் நிற்கிறது என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. பேசியவர் வேலம்பாளையம் பக்கத்தில் டி-ஷர்ட் காலர்களுக்குச் சாயம் போட்டுக் காயவைக்கிற ஒரு யூனிட்டின் மேனேஜர். பெயர் சின்னச்சாமி. எப்போதும் ஷெட் அதிரப் பேசுகிற மனிதர், அன்றைக்கு வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசுவது போனிலேயே தெரிந்தது.

"யாருங்க நிக்கிறது?" என்றேன்.

"அது தெரிஞ்சா நான் ஏனுங்க உங்களைக் கூப்பிடறேன்? கண்ணுக்குத் தெரியறதில்லீங்க. பொறகால வந்து கழுத்துல கை வெக்குதாமா. லேடீஸ் ஒருத்தரும் அந்தப் பக்கம் போக மாட்டேங்கறாங்க. ஒரே ஒரு அம்மிணி மட்டும் நின்னு வேலை பாக்குதுங்க. அதைக் கேமராவுல பாத்தா எனக்கே பயமா இருக்குது."

"மெஷின் ஓடுதுங்களா, இல்லீங்களா?"

"மெஷினுக்கு என்னங்க, ஜம்முனு ஓடுது." பிறகு, "பாய், தப்பா நெனைக்காதீங்க. ஓதி ஊதறதுக்கு என்னென்ன வேணும்னு சொல்லிட்டீங்கன்னா நானே வாங்கி வெச்சுடறேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்கள் ஊரில் குழந்தை பயந்துகொண்டால் பள்ளிவாசல் முன்னால் தூக்கிக்கொண்டு வந்து நிற்பது எல்லாச் சாதிக்காரர்களுக்கும் பழக்கம். தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் ஓதி ஊதுவார்கள், குழந்தை வீட்டுக்குப் போய்த் தூங்கும். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் மைக்ரோவேவ் டிரையர் சர்வீஸ் பார்க்கிறவன். தாடியைப் பார்த்துவிட்டு, 'இவர் பேயும் ஓட்டுவார்' என்று முடிவு கட்டினால் நான் என்ன செய்வது? "ஸ்பேனர் செட் நான் கொண்டாறேன், நீங்க டீ மட்டும் சொல்லி வையுங்க" என்று போனை வைத்துவிட்டேன்.

2. வெறும் குழாய்

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் இதைப் படிப்பார்கள் என்பதால், குழாயைப் பற்றிச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் முதலில் தொலைபேசித் துறையில் இருந்தவன். மலை உச்சி ஸ்டேஷன்களில், டிஷ் ஆன்டெனாக்களுக்கு அடியில் வேலை. பேச்சைச் சுமந்த மைக்ரோவேவ் அலை, மெஷினிலிருந்து டிஷ்ஷுக்கு ஒரு உலோகக் குழாய் வழியாகப் போகும். அதுதான் வேவ்கைடு. ஓய்வு பெற்ற பிறகு டிரையர் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். இங்கேயும் அதே குழாய்தான். அங்கே பேச்சு போயிற்று, இங்கே காலர் காயவைக்கிற பவர் போகிறது. அலைக்கு இரண்டும் ஒன்றுதான், தான் எதைச் சுமக்கிறோம் என்று அதற்குத் தெரியாது.

குழாயைப் பார்த்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "உள்ளே என்ன ஒயர் போகுது?" என்பதுதான். ஒயரே கிடையாது. காற்றைத் தவிர உள்ளே ஒன்றும் இல்லை. நீள்சதுர வாய் கொண்ட அலுமினியக் குழாய், உள்பக்கம் வழவழவென்று இருக்கும். அலை இந்தச் சுவரில் பட்டு அந்தச் சுவருக்குத் திரும்பி, மாறி மாறிப் பட்டுக்கொண்டே முன்னால் போகும். அலை பட்ட இடத்திலெல்லாம் சுவரின் உள்தோலில் கரண்ட் ஓடுகிறது. மயிரிழை கனம்கூட இல்லாத அந்தத் தோலில் ஓடுகிற கரண்ட்தான் அலையை வெளியே விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. குழாயின் அகலமும் அலைக்குப் பொருந்த வேண்டும். அலைநீளத்தில் பாதிக்கும் குறைவான அகலம் என்றால் அலையால் அதில் போகவே முடியாது. வீட்டு மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் அத்தனை சல்லடைக் கண்கள் இருந்தும் அலை வெளியே வராததற்கு அதுதான் காரணம்.

குழாயைத் துண்டு துண்டாகச் செய்து, முனைக்கு முனை பிளாஞ்சு என்கிற தட்டை விளிம்பு வைத்து, போல்ட் போட்டு இணைப்போம். பிளாஞ்சும் பிளாஞ்சும் முகத்தோடு முகம், உலோகத்தோடு உலோகம் ஒட்ட வேண்டும். நடுவே ஒரு இடைவெளி விழுந்தால் உள்தோலில் ஓடுகிற கரண்ட் அங்கே அறுந்துபோகும். அறுந்த இடத்தில் அலை வெளியே வரும். ஸ்டீம் லீக் ஆனால் சீறும், தண்ணீர் லீக் ஆனால் சொட்டும். இதற்குச் சத்தமில்லை, வாசனையில்லை, நிறமில்லை. அறையில் ஒன்றுமே மாறியிருக்காது. பக்கத்தில் நிற்கிறவரின் தோலுக்கு மட்டும் இதமாக இருக்கும். இத்தனை வருஷம் கழித்தும் இந்த வேலையில் எனக்குப் பயம் தருவது அந்த இதம்தான்.

3. நின்று நின்று வந்த முகம்

மறுநாள் காலை போனேன். டிரையர் நான் மாட்டிக்கொடுத்த இடத்தில் இல்லை. வாசல் பக்கம் வெளிச்சத்தில் இருந்ததை ஷெட்டின் தென்கிழக்கு ஓரத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஜன்னல் இல்லாத மூலை. பகலிலேயே மங்கலாக இருந்தது. அலையை உண்டாக்குகிற மேக்னட்ரான் இருக்கிற ஜெனரேட்டர் கேபினெட்டின் தலையில் எலுமிச்சம்பழம், பெல்ட் ஓரத்தில் காய்ந்த வேப்பிலை, தரையில் பூசணிக்காய் உடைத்த சிவப்பு.

"யாரைக் கேட்டு மாத்துனீங்க?"

"வாஸ்துக்காரரு சொன்னாருங்க" என்றார் சின்னச்சாமி. "சித்திரையில, நம்ம சாயப் பட்டறை ஆளு பழனியப்பன், ஷிப்ட் முடிஞ்சு ஊட்டுக்குப் போயிப் படுத்தவரு எந்திரிக்கவே இல்லீங்க. நல்ல ஆளு. மொதலாளிக்கு மனசே ஆறலே, வாஸ்து பாத்தாரு. சூடு பண்ற மெஷின் வாசல்ல இருக்கக்கூடாது, அக்கினி மூலைக்குப் போகோணும்னுட்டாங்க. ஆவணியில மாத்திப்போட்டோம். அதுக்குப் பொறவுதானுங்க இதெல்லாம்."

என் டிரையரில் அக்கினி ஒரு பொட்டுக்கூடக் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

வேவ்கைடு கேபினெட்டிலிருந்து மேலே ஏறி, சுவரோரமாகப் போய், கீழே இறங்கி வளைந்து, காலர் ஓடுகிற டனலுக்குள் நுழைகிறது. சாயம் போட்டு அலசிய காலர்களை ஒரு முனையில் பெல்ட்டில் பரப்பினால் மறுமுனையில் காய்ந்து வரும். அங்கே ஒருவர் நின்று எடுத்து அடுக்க வேண்டும். புது இடத்தில், அப்படி நிற்கிறவரின் இடது தோளுக்குப் பின்னால் அந்த வளைவு வந்திருந்தது. சரியாகக் கழுத்து உயரம்.

சின்னச்சாமி தன் போனை நீட்டினார். "நேத்து கேமராவுல ஏறினதுங்க. இந்த அம்மிணிதான் ருக்குமணி. பழனியப்பனோட சம்சாரம். சேவூர்ல இருந்து கம்பெனி வேன்ல வருது."

படத்தில் நாற்பது வயதுப் பெண் ஒருவர் காலர் அடுக்கிக்கொண்டிருந்தார். டிரையர் ஓட ஆரம்பித்ததும் படம் விட்டு விட்டு வந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு முகத்தில் வந்து நின்றது. தலையை இடப்பக்கம் சாய்த்து, கண்ணை மூடி, கன்னத்தை யாரிடமோ கொடுத்தபடி ஒரு முகம். ஏதோ சொல்ல வாய் திறந்தபடி ஒரு முகம். அடுத்து, பதில் கேட்டுக்கொள்கிற முகம். அதற்கடுத்து சிரிப்பு. பின்னால் சுவரும் குழாயும் தவிர யாரும் இல்லை.

"மெஷின் நின்னா படம் நல்லா வருதுங்க. ஓடுனா இந்தக் கேமரா மட்டும் இப்படி நிக்குது."

வைஃபை கேமராவுக்கும் என் டிரையருக்கும் அலைவரிசை ஏறத்தாழ ஒன்று. டிரையரிலிருந்து ஏதோ வெளியே வருகிறது என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் என்ன, அந்தச் சிரிப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து மனிதர்கள் அப்படிச் சிரிப்பதில்லை.

"இன்னும் இருக்குதுங்க, மேல பாருங்க" என்றார்.

சுவரில் மேலே, குழாய் திரும்புகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய டியூப்லைட். எல்லாவற்றையும் எல்இடிக்கு மாற்றியபோது கழற்றாமல் விட்டது. எலக்ட்ரீஷியன் ஒயரையே பிடுங்கிவிட்டுப் போயிருந்தார். டேப் சுற்றிய முனைகள் தொங்கின. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு டிரையரை ஆன் செய்யச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் டியூப்பின் ஒரு முனை ஊதாவாகத் துடித்தது. பிறகு பால் நிறத்தில் பாதி நீளத்துக்கு எரிந்தது. ஈரக் காலர் உள்ளே போகும்போது மங்கியது, காலர் காயக் காயப் பிரகாசமானது. மூச்சு வாங்குகிற மாதிரி இருந்தது. நான் இரண்டடி முன்னால் வைத்ததும், காலர் எண்ணிக் கட்டுகிற செக்‌ஷனில் வேலை பார்க்கிற ஒடிசாப் பெண் ஒருத்தி ஓடிவந்து, "உதர் மத் ஜாயியே, அங்கிள்" என்று, அந்தப் பக்கம் போகவிடாமல் கையை நீட்டி மறித்தாள்.

4. என் கழுத்திலும்

லீக்கேஜ் மீட்டர் பையின் அடியில் இருந்தது. குனிந்து பையைத் திறந்தேன். திறந்த இடம் சரியாக ருக்குமணி நிற்கிற இடம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

கழுத்தின் இடப்பக்கம் ஒரு கை வந்து படிந்தது.

கை என்றுதான் சொல்ல வேண்டும். வெயில் அப்படிப் படாது, வெயில் முதுகு முழுக்கப் படும். அடுப்பு முகத்தில் அடிக்கும். இது ஒரு உள்ளங்கை அளவுக்கு, அவசரமில்லாமல், தெரிந்தவர் வந்து வைக்கிற மாதிரி. தோலுக்கு மேலே இல்லை, தோலுக்குக் கொஞ்சம் உள்ளேயே சூடு பிறந்தது. நான் விருட்டென்று திரும்பினேன். யாரும் இல்லை. மேலே அத்தனை பாடம் எடுத்த நான், படித்த படிப்பெல்லாம் மறந்து, வாய்க்குள் ஓத ஆரம்பித்துவிட்டேன். சின்னச்சாமிக்கு அது கேட்டிருந்தால் மிகவும் திருப்திப்பட்டிருப்பார்.

தள்ளிப் போய் மீட்டரை நீட்டினேன். வளைவை நெருங்குவதற்கு முன்பே முள் வலது ஓரத்தில் போய் முட்டிக்கொண்டது. சிவப்புப் பட்டனை நானே அடித்தேன். டிரையர் நின்றது. டியூப் அணைந்தது. ஷெட்டில் அந்தப் பக்கம் இருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ருக்குமணி காய்ந்த காலர்க் கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார்.

"ஏம்மா, உங்களுக்கும் கழுத்துல சூடு தெரியுதா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒன்னும் தெரியறதில்லீங்க" என்றார் உடனே. மற்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொய் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் எதற்காக மறைக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

"கண்ணு நல்லா இருக்குதுங்களா?"

தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எடது கண்ணு சித்தெ பனி மூட்டமா இருக்குதுங்க. வயசாச்சில்லீங்க."

கண்ணுக்குச் சூடு உறைக்காது. உடம்பின் மற்ற இடங்களில் ரத்தம் ஓடிச் சூட்டைக் கொண்டுபோய்விடும். கண்ணின் லென்ஸில் ரத்த ஓட்டமே கிடையாது, வந்த சூடு அங்கேயே தங்கும். கேமராவில் அவர் தினமும் இடது கன்னத்தைத்தான் சாய்த்துக் கொடுத்திருந்தார்.

5. நல்ல பேக்கிங்

டிரையரை மாற்றியபோது குழாயைக் கழற்றி மாட்டிய ஃபிட்டரைக் கூப்பிடச் சொன்னேன். மாரிமுத்து என்று பெயர், தூத்துக்குடிப் பக்கத்து ஆள். சாயப் பட்டறைகளில் ஸ்டீம் லைன் வேலையில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவர். கேபினெட் புதுப் பக்கத்துக்கு வந்ததால், மேலே ஒரு இணைப்பும் கீழே வளைவில் ஒரு இணைப்பும் அவர் பிரித்து மாட்டியிருந்தார்.

மெயினை ஆஃப் செய்து பூட்டி, சாவியை என் பையில் போட்டுக்கொண்டு வளைவின் போல்ட்டுகளைக் கழற்றினேன். இரண்டு பிளாஞ்சுக்கும் நடுவே வெள்ளை வெளேரென்று, கசிவை அடைக்க வைக்கிற டெஃப்லான் பேக்கிங். வாய்க்குத் தகுந்தபடி நீள்சதுரமாக, ஒரு பிசிறு இல்லாமல் வெட்டியிருந்தார்.

"இதை யாருங்க போடச் சொன்னது?"

"என்ன பாய் கேக்கிய? பேக்கிங் இல்லாம பிளாஞ்சு மாட்டுனா ஒழுவாதா?" என்றார் மாரிமுத்து. "கழத்துனப்ப உள்ள ஒண்ணுமே இல்ல. யாரோ போடாம விட்டுட்டாங்கன்னு நெனச்சேன். ரப்பர் போட்டா சூட்டுல கருகிரும்லா, அதான் நல்ல டெஃப்லானா வாங்கி நானே வெட்டிப் போட்டேன்."

என்னால் அவரைத் திட்ட முடியவில்லை. இந்த ஊரில் பிளாஞ்சு என்றால் ஸ்டீம், இல்லாவிட்டால் சாயத் தண்ணீர். நடுவே பேக்கிங் வைக்காதவனை ஃபிட்டர் என்றே சொல்ல மாட்டார்கள். ஒழுகக்கூடாது என்று அவர் அக்கறையாக வைத்ததே ஒழுக விட்டது. மட்டமான கறுப்பு ரப்பரைப் போட்டிருந்தால் ஒரே நாளில் கருகி நாறியிருக்கும், எனக்கு அன்றைக்கே போன் வந்திருக்கும். டெஃப்லான் மைக்ரோவேவைக் குடிக்காது, கண்ணாடி வெளிச்சத்தை விடுகிற மாதிரி விட்டுவிடும். சூடாகவில்லை, கருகவில்லை, ஒரு தடயமும் காட்டவில்லை. போல்ட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே அந்த வெள்ளைக் கோடு வழியாக மாதக்கணக்கில் அலை வெளியே வந்துகொண்டிருந்தது. மேலே இருந்த இணைப்பிலும் அதே பேக்கிங். அதுதான் டியூப்பை எரிய வைத்தது.

சின்னச்சாமி பேக்கிங்கை வாங்கித் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். இப்போது அவருக்குப் பழைய குரல் வந்திருந்தது. "பேயுமில்லே பிசாசுமில்லே! குழாய் லீக்கு! எல்லாரும் போயிச் சோறு உண்ணுப்போட்டு வந்து வேலையைப் பாருங்க!"

பெண்கள் சிரித்தார்கள். ருக்குமணி சிரிக்கவில்லை.

6. அவர் கேட்டது

எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் தரையில் உட்கார்ந்து பிளாஞ்சு முகங்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மெஷின்கள் நின்ற ஷெட்டில் பகலிலும் ஒரு மாதிரி அமைதி இருக்கும். ஆள் வந்தது தெரியவில்லை. நிமிர்ந்தபோது ருக்குமணி பிரித்த குழாயின் வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்குள்ள ஒன்னுமே இல்லீங்களே" என்றார்.

"ஒன்னுமில்லீங்கம்மா. அலை வெறும் இடத்துலதான் போகும்."

"அவருக்குக் கை எப்பவும் சூடா இருக்குமுங்க. சாயத் தண்ணியிலேயே இருக்கற கை. டீ நேரத்துல பொறகால வந்து கழுத்துல வெப்பாரு, வா போலாம்னு அர்த்தம். இந்த மெஷின் இங்க வந்த மொத நாளு, அதே எடத்துல அதே மாதிரி." சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார். "நான் யாருகிட்டயும் சொல்லலீங்க. சொன்னா அவரை ஓட்டிப்போடுவாங்கன்னு."

நான் துடைத்த பிளாஞ்சையே மறுபடி துடைத்தேன்.

"ஏனுங்க பாய், ஒருக்கா மட்டும் அந்த வெள்ளை அட்டையைப் போட்டு ஓட்ட முடியுமுங்களா? ஒரே ஒருக்கா. பொறவு நீங்க மாட்டிக்கோங்க."

"எதுக்கும்மா?"

"எம்புள்ளைக்கு மூலனூர்ல இருந்து வரன் வந்திருக்குதுங்க. ஞாயித்துக்கெழமை பதில் சொல்லோணும். அவருகிட்டக் கேட்டேனுங்க. கேட்டதும் சூடு கூடுச்சு, சரின்னு சொல்ற மாதிரி. நாலஞ்சு தடவ கேட்டேன், எல்லா தடவையும் கூடுச்சு. கடைசியா ஒருக்கா நல்லாக் கேட்டுக்கறேனுங்க."

இங்கேதான் நான் என் தொழிலுக்கு உண்மையாக இருக்க வேண்டியிருந்தது. ஈரக் காலர் உள்ளே இருந்தால் அலையை அது குடித்துக்கொள்ளும். காய்ந்துபோனால் குடிக்க ஆள் இல்லாமல் அலை வந்த வழியே குழாயில் திரும்பும். திரும்பி வருகிற அலையும் சேர்ந்துகொள்ளும்போது அந்த இடைவெளியில் கசிவு கூடும். காலர் ஒவ்வொரு லாட்டும் காய்ந்து முடிகிறபோது இது நடக்கும். அவர் கேள்வி கேட்டாலும் நடக்கும், கேட்காவிட்டாலும் நடக்கும். இதை எனக்குத் தெரிந்த எளிய வார்த்தையில் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அப்ப எங்கிட்டச் சரி சரின்னு சொன்னது?"

"காலர் காஞ்சு முடிஞ்சதுங்கம்மா."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். குழாயின் வாயைப் பார்த்தபடியே நின்றார். "ஒருக்கா" என்றார் மறுபடியும், சின்னக் குரலில்.

"முடியாதும்மா. உங்க கண்ணு போயிரும்."

"ஒரு கண்ணுதானுங்களே" என்றார்.

நான் பேக்கிங் இரண்டையும் எடுத்துக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டி என் பையில் போட்டேன். நான் செய்தது சரிதான், இன்றைக்கும் அதையே செய்வேன். ஆனால் அந்தக் கத்தரிச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் கண் முன்னால் ஒரு மனிதரை அப்புறப்படுத்துகிற மாதிரி இருந்தது.

7. மூடிய பிறகு

உலோகத்தோடு உலோகம் சேர்த்து, போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக முறுக்கினேன். ஓட்டினோம். டியூப் எரியவில்லை. கேமராப் படம் நிற்காமல் ஓடியது. மீட்டரை நீட்டி இணைப்பைச் சுற்றி மெதுவாக வந்தேன், முள் அசையவில்லை. ஒரு போல்ட்டும் விட்டுப்போகாமல் வாய்க்குள் எண்ணிக்கொண்டே சுற்றியதை, பெண்கள் நான் ஓதுவதாக எடுத்துக்கொண்டார்கள். சாப்பிட்டு வந்தவர்கள் முக்காடு போட்டுக்கொண்டு வரிசையாக நின்றிருந்தார்கள். மறுக்க எனக்குத் தெம்பில்லை. அவர்கள் வேலைக்குத் திரும்பினால் சரி என்று விட்டுவிட்டேன்.

ருக்குமணி கடைசியாக வந்து தன் இடத்தில் நின்றார். பெல்ட் ஓடியது. காலர் காய்ந்து வந்தது. அவர் எடுக்கவில்லை. தலையை இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்துக் காத்திருந்தார். காலர்கள் தட்டில் குவிந்து கீழே விழுந்தன. பிறகு கையை நீட்டி வளைவைத் தொட்டுப் பார்த்தார்.

"சில்லுன்னு இருக்குதுங்க" என்றார். "அன்னைக்குக் காத்தால அவரை எழுப்பத் தொட்டப்பவும் இப்படித்தான் இருந்தாரு."

சின்னச்சாமியிடம் நான் ஒன்றே ஒன்று வற்புறுத்தினேன், இன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்று. மனிதர் தன் வண்டியிலேயே கூட்டிப் போனார். இடது லென்ஸ் மங்க ஆரம்பித்திருந்தது. எதனால் என்று டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்தார்கள், பார்வை திரும்பியது.

அடுத்த சர்வீஸுக்குப் போனபோது ருக்குமணியே டீ கொண்டுவந்து கொடுத்தார். மூலனூர் வரன் என்னவாயிற்று என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அவரே சொன்னார்.

"வேண்டாம்னு சொல்லிப்போட்டேனுங்க. எனக்கு மொதல்ல இருந்தே அந்த எடம் புடிக்கலே. புள்ளைக்கும் புடிக்கலே. அவரு சரிங்கறாரேன்னுதான் தலையாட்டிட்டு இருந்தேன். ஞாயித்துக்கெழமை வாயைத் தொறந்து வேண்டாம்னு சொல்றப்ப ஒடம்பெல்லாம் நடுங்குச்சு, அவரு கோவிச்சுக்குவாரோன்னு. மக்யா நாளு, திங்கக்கெழமை, இங்க வந்து நின்னேனுங்க. சாய்ங்காலம் வரைக்கும் நின்னேன். ஒன்னுமே இல்லீங்க. கோவமும் இல்லே, சரியும் இல்லே." டம்ளரை வாங்கிக்கொண்டார். "அன்னைக்குத்தானுங்க அவரு செத்துப்போனது எனக்குத் தெரிஞ்சது."

இந்த வேலையில் வேவ்கைடு இணைப்புக்கு நடுவே பேக்கிங் வைக்கக்கூடாது என்பதை யார் வேண்டுமானாலும் உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். நான் கற்றது வேறு. ஒரு கசிவை மூடப் போகிறேன் என்றால், இப்போதெல்லாம் மேனேஜரிடம் போவதற்கு முன்னால், அந்த இடத்தில் தினமும் நிற்கிறவரிடம் போகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து, "இனிமே இங்க சூடு வராதுங்க" என்று முதலில் அவரிடம் சொல்லிவிட்டு, அவர் சரி என்ற பிறகுதான் ஸ்பேனரை எடுக்கிறேன்.